முத்துவேல் நோட்ஸில் இல்லாத ஆடு

2003-ஆம் ஆண்டு உத்திரமேரூர் பஜார் வீதியில், மஹபூப் பாஷாவின் பை, குடை, சூட்கேஸ் கடைக்குப் பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று ஓடும். இன்னொன்று ஓடுவது போல் பாவனை செய்யும். மூன்றாவது, இது பெரிய இடம் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வதற்காகப் பூப்போட்ட துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வாசலில் 'உலகம் உங்கள் விரல் நுனியில்' என்று போர்டு. உலகம் உள்ளே வர டெலிபோன் லைன் வேண்டும். அதே லைன்தான் பாஷாவின் கடைக்கும். உலகம் உள்ளே வந்துவிட்டால் பாரிமுனை மொத்த வியாபாரி வெளியே நிற்க வேண்டியதுதான். இந்த ஒற்றை ஒயருக்காக அப்பாவும் மகளும் தினமும் சண்டை போட்டார்கள்.

மகள் சாய்ரா விலங்கியல் பட்டதாரி. பட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா அவளை 'நெட் சென்டர் மேனேஜர்' ஆக்கியிருந்தார். பரீட்சை ரிசல்ட் வரும் மே மாதத்தில் கூட்டம் கூரையைப் பிய்க்கும். மற்ற மாதங்களில் துபாய்க்கு போட்டோ அனுப்ப ஒருவர், இருவர். மிச்ச நேரம் முழுக்க சாய்ராவுடையது. அந்த நேரத்தில் அவள் ஈ வளர்த்தாள்.

அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் சும்மா கிடைக்கும்படி ஒரு பக்கம் போட்டிருந்தது. இரண்டு பழ ஈக்களை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். சிவப்புக் கண், வெள்ளைக் கண், சுருட்டை இறக்கை, எது வேண்டுமோ அது. ஒரு பொத்தானை அழுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரம் பிள்ளை குட்டி, கண் நிறம் வாரியாக எண்ணி வைத்திருக்கும். கல்லூரியில் பழ ஈ என்பது ரெக்கார்டு நோட்டில் வரைந்து, மார்க் வாங்கி, மறந்துவிட வேண்டிய பூச்சி. இங்கேயோ அது பிறந்தது, பெருகியது, கணக்குக்குக் கட்டுப்பட்டது. சாய்ரா உடனே அடுத்த ஜோடியைத் தேர்ந்தெடுப்பாள்.

"ஈ பாக்கறதுக்கு இன்னாத்துக்கும்மா கம்ப்யூட்டரு? கறிக்கடையில போயி நின்னா ஓசியில பாக்கலாம்" என்பார் பாஷா.

ஆவணி மாதத்து ஒரு மத்தியானம், ஈக்கள் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில், காளியம்மாள் வந்து நின்றாள். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். அறுப்புக்கும் களையெடுப்புக்கும் போகிற நேரம் போக ஏழெட்டு வெள்ளாடு வைத்திருந்தாள்.

"முத்துவேல் வாத்தியாரு என்னை இன்டர்நெட்டுல போயிக் கேளுன்னாரு. கேக்க வந்துகீறேன்" என்றாள்.

"இன்னா கேக்கணும்க்கா?"

"நான் திருடியா இல்லியான்னு."

முத்துவேல் வாத்தியாரைத் தெரியாதவர் அந்தத் தாலுகாவில் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விடவும் மாட்டார். ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர். 'உயிரியல் செம்மல்' என்ற பட்டத்தை அறிவியல் பேரவை என்ற அமைப்பு அவருக்கு வழங்கியிருந்தது. அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவரே என்பதால் தேர்வில் சிக்கல் எழவில்லை. லெட்டர் பேடில் அவர் பெயருக்குக் கீழே ஏழு வரி இருக்கும். அவர் அச்சடித்த 'முத்துவேல் நோட்ஸ்' இல்லாமல் பிளஸ் டூ உயிரியல் எழுதிய பிள்ளை கிடையாது. சாய்ராவே அதை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்து, இருநூற்றுக்கு நூற்றெண்பத்தெட்டு வாங்கியவள்.

காளியம்மாள் சொன்ன கதை இது. அவளிடம் ஒரு வெள்ளை ஆடு, ஒரு வெள்ளைக் கிடா. போன பங்குனியில் அந்த ஆடு ஒரே ஒரு குட்டி போட்டது. குட்டி, கரியில் முக்கி எடுத்தது போல் கறுப்பு. அதே வாரம் வாத்தியார் வீட்டுக் கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. அவருடைய கறுப்புக்குட்டி ஒரு மாதத்தில் காணாமல் போனது. முந்தாநாள் காளியம்மாளின் கறுப்புக்குட்டியை ரோட்டில் பார்த்தவர், இது தன்னுடையதுதான் என்று பிடித்துக்கொண்டார்.

"எங்க ஆளுங்க அத்தினி பேரும் குட்டி போடச்சொல்ல பாத்தாங்க பாப்பா. அவுங்க சாட்சி செல்லாதாம். மெண்டலுன்னு ஒருத்தரு எப்பவோ சாட்சி சொல்லிட்டாராம், வெள்ளைக்கும் வெள்ளைக்கும் கறுப்பு பொறக்காதுன்னு. அந்தாளு எப்ப வந்து எங்க ஆட்டப் பாத்தாரு?"

"இப்ப இன்னா ஆவும்?"

"நாளைக்குப் பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசுல பேசறாங்க. அப்புறம் டேசன்ல எழுதிக் குடுப்பாராம். குட்டி போனா போவுது. திருடின்னு ஒரு தபா எழுதிட்டான்னு வெச்சிக்கோ, அப்புறம் இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் வூட்டுக் கோழி காணாம போனாலும் ஜீப்பு நேரா எங்க வூட்டாண்டதான் வந்து நிக்கும்."

சாய்ரா மேஜை இழுப்பறையிலிருந்து பழைய முத்துவேல் நோட்ஸை எடுத்தாள். பக்கம் நாற்பத்தேழு தானாகத் திறந்துகொண்டது. அத்தனை முறை படித்த பக்கம். கட்டம் போட்டு, அடிக்கோடு போட்டு, பெரிய எழுத்தில்: வெள்ளை × வெள்ளை = வெள்ளை மட்டுமே.

"அக்கா…" கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "சார் சொல்றது புக்குல அப்படியேதான் கீது. வெள்ளையும் வெள்ளையும் சேந்தா வெள்ளைதான்."

"எது வெள்ளை?"

"பூவு. பட்டாணிச் செடியில வெள்ளைப் பூவும்…"

"பட்டாணியா?" காளியம்மாள் நோட்ஸை எட்டிப் பார்த்தாள். "எங்க ஆடு பட்டாணி தின்னும் பாப்பா. அதுக்காவ பட்டாணியா ஆயிடுமா?"

சாய்ராவுக்குச் சுரீர் என்றது. பிளஸ் டூவில் இரண்டு வருஷம், கல்லூரியில் மூன்று வருஷம், நூற்றெண்பத்தெட்டு மார்க்கு, ஒரு பட்டம். இத்தனைக்கும் நடுவே இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"உக்காருக்கா" என்றாள். பூப்போட்ட துணிக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, லைனைப் பிடித்தாள். மோடம் கிறீச்சிட்டது.

"இன்னா பாப்பா இது? தலைச்சன் குட்டி போடற ஆடாட்டம் கத்துது!"

"இப்ப ஒண்ணு பொறக்கும் பாரு."

பிறப்பது எளிதாக இல்லை. ஈ வளர்க்கிற தளத்தில் ஈதான் இருந்தது. இன்னொரு தளத்தில் மரபணுவின் முறுக்கு ஏணி அழகாகச் சுழன்றது. ஆடு அதில் எங்கேயும் ஏறவில்லை. மூன்றாவது தளம் ஆட்டுப்பால் சோப்பு விற்றது. அரை மணி தேடிய பிறகு, விலங்குகளின் பரம்பரைக் குணங்களையெல்லாம் விலங்கு வாரியாகப் பட்டியல் போட்ட ஒரு தளம் அகப்பட்டது. மாடு, குதிரை, பூனை, நாய், வாத்து என்று உலகத்து ஜீவராசிகளெல்லாம் வரிசையில் நின்றன. ஒரு பெயரைத் தட்டினாள். பக்கம் மேலேயிருந்து கீழாக, வரி வரியாக, அவசரமே இல்லாமல் இறங்கியது.

"கெடச்சிருச்சுக்கா! வெள்ளைதான் மேல நிக்குது. கறுப்பு உள்ள ஒளிஞ்சிக்கினு இருக்குமாம். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் கறுப்பு பொறக்கும்!"

"அந்தப் படத்துல இருக்கறது இன்னா?"

"ஆடு."

"அது செம்மறி. எங்களுது வெள்ளாடு. வாத்தியாருக்கு அது ஒண்ணு போதும், என்னை உள்ள தள்ள."

சாய்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பட்டாணியை ஆடாக்கிய வாத்தியாரைத் திருத்தக் கிளம்பியவள், செம்மறியை வெள்ளாடு ஆக்கப் பார்த்தாள். வெள்ளாட்டைத் தட்டினாள். பக்கம் பாதி இறங்கியபோது லைன் செத்தது. முன்கடையில் பாஷா போனைத் தூக்கியிருந்தார்.

"அப்பா! வைங்க கீழ!"

"பாரிமுனைக்காரன் ஜிப்பு லோடு அனுப்பறான்மா! இன்னா பேஜாரு புடிச்ச மிசினு இது!" கத்திக்கொண்டே உள்ளே வந்தவர், காளியம்மாள் முகத்தைப் பார்த்து நின்றார். மகள் மூச்சு விடாமல் கதையைச் சொன்னாள். பாஷா முன்கடைக்குப் போய், போனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ரிசீவரை அமுக்கிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். குடை வாங்க வந்தவரிடம், "அப்புறம் வாங்க, மழை வரச்சொல்ல" என்றார்.

இரண்டாம் முறை பக்கம் முழுதாக இறங்கியது. வெள்ளாடு. தாடியோடு நிற்கும் சுத்தமான வெள்ளாடு. சாய்ரா படித்தாள். இரண்டாம் முறை விரல் வைத்துப் படித்தாள். பல இனங்களில் வெள்ளை மேலே நிற்கும், கறுப்பு ஒளிந்திருக்கும். அதே பக்கத்தின் கீழே இன்னொரு குணமும் இருந்தது. சில ஆடுகளுக்குக் கழுத்தில் லோலாக்கு மாதிரி இரண்டு சதைத் தொங்கல் இருக்குமே, அது. அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ இருந்தால்தான் குட்டிக்கு வரும் என்று போட்டிருந்தது.

"எங்க கிடாவுக்குக் கீது அது!" என்று காளியம்மாள் பெருமையோடு சொன்னாள். "ஜோரா ஆட்டிக்கினு வருவான். மாப்ளையாட்டம்."

சாய்ரா அப்பாவின் கடையிலிருந்து, பை ரிப்பேருக்கு வைத்திருந்த, ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர்களை அள்ளிக்கொண்டு வந்தாள். வெள்ளையில் கொஞ்சம், கறுப்பில் கொஞ்சம். "ஒவ்வொரு ஆட்டுக்கும் ரெண்டு ரன்னர்க்கா. அம்மா ஒண்ணு குடுக்கும், அப்பா ஒண்ணு குடுப்பான். ஒரு வெள்ளை இருந்தாலும் ஆடு வெள்ளை. ரெண்டும் கறுப்பா விழுந்தாத்தான் கறுப்பு." மேஜையில் அடுக்கி மாற்றி மாற்றிப் போட்டாள். காளியம்மாள் நான்காவது தடவை அவள் கையைத் தட்டிவிட்டுத் தானே போட்டாள். கறுப்பும் கறுப்பும் சேர்ந்து விழுந்தபோது இருவரும் ஒரே சமயத்தில் கூவினார்கள். முன்கடையில் பாஷா, "இன்னா ஆச்சு? லைன் போச்சா? நான் தொடவேயில்லம்மா!" என்று அலறினார்.

மறுநாள் பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் முப்பது பேரும் ஆறு ஆடுகளும் கூடியிருந்தார்கள். தலைவர் ஆண்டாளம்மாள். வழக்கமாக அவர் கையெழுத்து மட்டும் போடுவார். 'தலைவரின் கணவர்' என்ற, எந்தச் சட்டத்திலும் இல்லாத பதவியை வகித்தவர் மற்றதையெல்லாம் பேசிவிடுவார். அன்று அந்தக் கணவர் மாகறலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஊருக்கு நல்ல காலம்.

முத்துவேல் அங்கவஸ்திரத்தோடு வந்தார். ஆதாரத்துக்காகத் தன் கறுப்பு ஆடு, அதன் வெள்ளைக்குட்டி, வெளியூர்ப் பண்ணையிலிருந்து லாரியில் வரவழைத்த 'சக்கரவர்த்தி' என்ற கறுப்புக் கிடா, எல்லோரையும் ஓட்டி வந்திருந்தார். எதிரே காளியம்மாள், வெள்ளை ஆடு, வெள்ளைக் கிடா, நடுவில் எதைப் பற்றியும் கவலைப்படாமல் முருங்கைத் தழை தின்னும் கறுப்புக்குட்டி.

"மனித குலம் இருளில் கிடந்தபோது…" என்று ஆரம்பித்தார் முத்துவேல்.

"சார், வெயிலு ஏறுது" என்றார் ஆண்டாளம்மாள்.

முத்துவேல் பல நூற்றாண்டுகளைத் தாண்டிப் பட்டாணிக்கு வந்தார். கரும்பலகையில் கட்டம் போட்டார். "வெள்ளை இன்டு வெள்ளை, வெள்ளை மட்டுமே! இது நான் சொல்லவில்லை. இயற்கை சொல்கிறது!"

சாய்ரா எழுந்தாள். ரன்னர்களைக் கையில் எடுத்ததும் பயம் எங்கோ போய்விட்டது. "சார், அது பட்டாணிக்கு. வெள்ளாட்டுக்குத் தலைகீழ். இதோ பிரின்ட்" என்று, கடைப் பிரின்டர் புள்ளி புள்ளியாக அடித்த தாளை நீட்டினாள். ஆண்டாளம்மாள் முன்னால் ரன்னர்களைப் போட்டுக் காட்டினாள்.

முத்துவேல் சிரித்தார். "இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் அம்மா."

"நீங்கதான சார் அங்க போயிக் கேளுன்னீங்க?" என்றாள் காளியம்மாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முத்துவேலின் காது சிவந்தது. கோபத்தில் மனிதர் தன் வெள்ளைக்குட்டியைத் தூக்கி நிறுத்தினார். "தாள் எதற்கு? உயிருள்ள ஆதாரம் இதோ! அம்மா கறுப்பு. அப்பா சக்கரவர்த்தி, கறுப்பு. குட்டி வெள்ளை! கறுப்புக்குள்ளேதான் வெள்ளை ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

சாய்ரா இரண்டு கறுப்பு ஆடுகளுக்கும் ரன்னர் வைத்தாள். நான்கும் கறுப்பு. வெள்ளைக்குட்டிக்கு ஒரு வெள்ளை ரன்னராவது வேண்டும். அது எங்கிருந்து வந்தது? மேஜையைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். அது தலையைத் தூக்கிக் கத்தியது. கழுத்தில் இரண்டு சதைத் தொங்கல் ஜோராக ஆடியது.

"அக்கா! கழுத்து! அதோட கழுத்தப் பாருக்கா!"

காளியம்மாள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். வாத்தியார் கையிலிருந்த குட்டியின் தாடையை நிமிர்த்திக் காட்டினாள். பிறகு தன் கிடாவை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினாள். அதே வெள்ளை. அதே தொங்கல், அதே ஆட்டம். சக்கரவர்த்தியின் கழுத்து துடைத்துவிட்டது போல் மொழுமொழுவென்று இருந்தது. அம்மா ஆட்டின் கழுத்தும் அப்படியே.

"சார், போன ஐப்பசியில உங்க ஆடு ரெண்டு நாளு காணோம்னு தேடிக்கினு திரிஞ்சீங்களே, ஞாபகம் கீதா? ஏரிக்கரையில எங்க மந்தையோட மேஞ்சிக்கினு இருந்துச்சு. நான்தான் ஓட்டியாந்து உட்டேன். நீங்க வூட்டுக்குள்ளேருந்தே, சரி கட்டிட்டுப் போன்னீங்க."

"ஐப்பசிலேருந்து பங்குனி, அஞ்சு மாசம்! சரியா வருது!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

சாய்ராவுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "இன்னொண்ணும் கீது! எல்லாரும் பாருங்க!" ரன்னர்களை வேகமாக மாற்றினாள். "சார் ஆட்டுக்கு ரெண்டும் கறுப்பு. அக்கா கிடாவுக்கு மேல வெள்ளை, உள்ள ஒரு கறுப்பு ஒளிஞ்சிருக்குன்னு வெச்சிக்குங்க. சேந்தா பாதிக்குப் பாதி. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு. சார் வூட்டுல பொறந்தது இன்னா? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு! அந்தக் கிடா அப்பன்னா, அவனுக்குள்ள கறுப்பு இருக்குன்னு சார் வூட்டு ஆடே சொல்லிடுச்சு! அக்கா வூட்டு ஆட்டுக்குள்ளயும் ஒரு கறுப்பு இருந்தா, அப்படிப்பட்ட கிடாவுக்குக் கறுப்புக்குட்டி பொறந்ததுல இன்னா அதிசயம்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சக்கரவர்த்தியை நம்பித் தங்கள் ஆடுகளையும் அதனோடு சேர்த்திருந்த நாலைந்து பேர், கிடாவை மேலும் கீழும் பார்த்தார்கள். சக்கரவர்த்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ஆண்டாளம்மாள் மேஜையைத் தட்டினார். "சார், கறுப்புக்குட்டி உங்களுதுன்னு சொல்றதுக்கு உங்க கையில அந்தப் பட்டாணிச் சட்டத்தைத் தவிர வேற எதுனா கீதா? உங்க குட்டிய நாயி இழுத்துக்கினு போச்சோ இன்னாவோ, இவ ஓட்டிக்கினு போனத யாருனா பாத்தாங்களா?"

"இது… ஆழ்ந்த ஆய்வுக்குரிய விஷயம்" என்றார் முத்துவேல்.

"ஆய்வு பண்ணுங்க. குட்டி காளியம்மாளுது. அது பொறக்கச்சொல்ல பாத்த ஏரிக்கரை ஆளுங்க சாட்சியும் செல்லும். டேசனுக்கு ஒரு தாளும் போவக் கூடாது. இத மினிட்ஸ்ல எழுதுங்க." கிளார்க் எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, முதல்முறையாக, கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுதாகப் படித்துப் பார்த்தார்.

காளியம்மாள் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். போகிற போக்கில் முத்துவேலிடம் நின்றாள். "சார், உங்க வூட்டு வெள்ளைக்குட்டிய நான் கேக்க மாட்டேன். ஒயுங்கா வளங்க. எங்க மாப்ளையோட புள்ள அது." சாய்ராவிடம் அந்தப் பிரின்ட் தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். "ஜீப்பு வந்தா காட்டறதுக்கு."

அடுத்த மூன்று நாள் நெட் சென்டரில் ரிசல்ட் நேரத்துக் கூட்டம். கோழிக்கு ஏன் கழுத்தில் முடியில்லை என்று ஒருவர், கன்றுக்கு ஏன் நெற்றியில் வெள்ளை என்று ஒருவர். தன் மருமகனின் கோணல் புத்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி ஒருவர். சாய்ரா தூங்காமல், சாப்பிடாமல் தட்டினாள். பாவனை செய்துகொண்டிருந்த இரண்டாவது கம்ப்யூட்டர்கூட வெட்கப்பட்டு ஓட ஆரம்பித்தது. பாஷா இன்னொரு லைனுக்கு மனு எழுதிப் போட்டார்.

நான்காம் நாள் காலை, நாஷ்டா நேரம். அங்கவஸ்திரம் இல்லாமல் முத்துவேல் வாசலில் நின்றார்.

"அந்த ஆட்டுப் பக்கம்… சும்மா ஒரு பார்வை" என்றார்.

"உக்காருங்க சார். அப்பா போன்ல கீறாரு. லைன் வர அரை மணி ஆவும்."

உயிரியல் செம்மல் பூப்போட்ட துணிக்கு எதிரே அரை மணி உட்கார்ந்திருந்தார். லைன் வந்தது, மோடம் கத்தியது, பக்கம் மேலேயிருந்து வரி வரியாக இறங்கியது. முதல் வரிக்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பாதி இறங்கும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இதெல்லாம் எத்தனை நாளாக இங்கே இருக்கிறது?" என்றார். குரலில் மேடை இல்லை.

"ரொம்ப நாளா கீது சார். யாருனா வந்து கேக்கணும், அவ்வளவுதான்."

பையிலிருந்து முத்துவேல் நோட்ஸை எடுத்தார். பக்கம் நாற்பத்தேழு. சிவப்புப் பேனாவைத் திறந்து, பெரிய எழுத்துச் சட்டத்துக்கு மேலே சின்னதாக இரண்டு வார்த்தை எழுதினார்: பட்டாணிக்கு மட்டும். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார், பட்டத்தோடுதான்.

"அடுத்து" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோழியைத் தட்டும்மா. பக்கம் ஐம்பத்திரண்டில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது."